டிவிக்குக் கீழே ஓர் இரைச்சல்

இரவு படம் பார்க்கிறோம். யாரும் பேசாத காட்சி. டிவிக்குக் கீழே கம்ப்யூட்டர் ஃபேன் மட்டும் 'உய்ய்ய்' என்று இரைகிறது. தண்ணீரால் குளிரவைக்கும் கருவி வாங்கிவிடலாமா என்று தோன்றும்.

வேண்டாம் என்பேன். தண்ணீர் சூட்டைச் சுமந்துதான் போகும். ரேடியேட்டரிலிருந்து அதை வெளியேற்ற அங்கேயும் ஃபேன் வேண்டும். கூடவே பம்ப்பின் ரீங்காரம் வேறு. படம் ஓட்ட 65 வாட் பிராசஸரே தாராளம். பெரிய ஹீட்சிங்க்கும் மெதுவாகச் சுற்றும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் இருந்தால், காதை வைத்துக் கேட்டால்தான் சத்தமே தெரியும். 300 வாட் கிராஃபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடுகிறவர்கள் கதை வேறு.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்சிங்க் இடுக்குகளைப் பாருங்கள். கம்பளி மாதிரி தூசி அப்பியிருக்கும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் மெல்லத் தட்டிவிடுங்கள்.