மார்கழி விடுமுறையும் மாணவர் முகாமும்

(திருவாலங்காட்டுக் கிராம மக்களையும் சுற்றுப்புறக் கலாசாலை மாணவர்களையும் நோக்கிய பிரசங்கம்)



மார்கழி பிறக்குங் காலத்தில் கலாசாலைகளில் இரண்டு பேச்சே பிரதானமாகக் கேட்கும். பரீட்சை எப்பொழுது முடிகிறது என்பது ஒன்று. விடுமுறை எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்பது மற்றொன்று. விடுதி மாணவர்கள் பெட்டி கட்டுவார்கள். நூல்நிலையத்துப் புத்தகங்கள் திரும்பி வரும். ரசாயன சாலையில் கண்ணாடிக் குப்பிகள் கழுவிக் கவிழ்க்கப்படும். இவற்றினிடையே அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டப்படும். நாட்டு நலப்பணித் திட்டத்தைச் சேர்ந்த மாணவர்கள் இன்ன கிராமத்தில் ஏழு நாள் முகாமிடுவார்கள் என்று அதில் கண்டிருக்கும். பரீட்சைக் கவலையில் அதைப் படிப்பவர் சிலரே. ஆயினும் கலாசாலைச் செய்திகளுள் கிராமத்தாருக்கு நேரே சம்பந்தமுள்ளது அந்த ஒரு காகிதந்தான்.

முகாமுக்கு இந்தப் பருவம் பெரும்பாலும் ஏற்றதாகக் கொள்ளப்படுவதற்குக் காரணம் எளிது. அரசாங்கப் பள்ளிகளில் அரையாண்டுப் பரீட்சை கிறிஸ்துமஸுக்கு முன் முடிந்துவிடும். பிள்ளைகள் வராத அந்தச் சில நாட்களில் பள்ளிக் கட்டடம் காலியாயிருப்பதால் ஐம்பது பேர் தங்க இடம் கிடைக்கிறது. ஆனால் கிராமத்துக்கு அது ஓய்வுக் காலமன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரியில் நீர் நின்று, சம்பாக் கதிர் முற்றிவரும் சமயம் அது. கரும்பு வெட்டும் வண்டிப் போக்குவரத்தும் அப்போதுதான் மிகுதி; திருத்தணிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இவ்வூரிலேயே அமைந்திருப்பதை யாரும் மறந்திருக்க முடியாது. இரத்தின சபையில் மார்கழித் திருவாதிரை; திருத்தணி மலையில் டிசம்பர் 31-ஆம் தேதி இரவு படித் திருவிழா. ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார்களைக் கண்டு வணங்கப் போகும் வழக்கத்துக்கு மாற்றாக வள்ளிமலை சுவாமிகள் அந்தத் திருவிழாவைத் தொடங்கிவைத்தார் என்பர். இவ்வளவு வேலையும் விழாவும் நெருங்கிய வாரத்தில் பகல் பதினொரு மணிக்குக் குறிப்பேட்டுடன் வீடு வீடாகச் செல்லும் மாணவருக்குப் பூட்டிய கதவுகளும், திண்ணையிலிருக்கும் முதியவர்களுமே எதிர்ப்படுவார்கள். இதை முன்னதாக அறிந்து வருவதற்கும் அறியாமல் வருவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

சர்வகலாசாலைக்கும் கிராமத்துக்கும் இணைப்பு வேண்டுமென்ற யோசனைக்கும் இந்த வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1888-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனைத் தலைவராகக் கொண்டு 1948-இல் சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன் நியமிக்கப்பட்டது. அப்பொழுது சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. லக்ஷ்மணசுவாமி முதலியாரும், ஜாகீர் ஹுசேனும், விஞ்ஞானி மேகநாத் சாஹாவும் அதில் அங்கத்தினர்கள். அமெரிக்காவிலிருந்து ஆர்தர் மார்கன் என்பவரும் அங்கத்தினராக வந்திருந்தார். மாணவர் சில காலம் படிப்பதும் சில காலம் வெளியே உழைப்பதுமாக மாறி மாறிப் பயிலும் முறையை ஆண்டியாக் கலாசாலையில் 1921-இல் தொடங்கி நடத்தியவர் அவர். 1949-இல் வெளிவந்த அறிக்கை, கிராம வாழ்க்கைக்கேற்ற படிப்பும் கைத்தொழிற் பயிற்சியும் இணைந்த கிராம சர்வகலாசாலைகள் வேண்டுமென்று சிபார்சு செய்தது. மாணவர் தாமே விரும்பிச் செய்யும் தேசிய சேவையையும் அந்தக் கமிஷன் ஆதரித்தது.

அந்தக் கிராம சர்வகலாசாலைகள் எத்தனை தோன்றின என்று பார்த்தால் கணக்கு மிகச் சிறியது. தமிழ்நாட்டில் சொல்லத்தக்கது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகில் நிறுவிய அந்த ஸ்தாபனத்தில் 1956-இல் கிராமியக் கல்வி நிலையம் அமைந்து, 1976-இல் சர்வகலாசாலை அந்தஸ்து பெற்றது. மற்றக் கலாசாலைகளுக்குக் கிடைத்தது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24-ஆம் தேதி, 37 சர்வகலாசாலைகளில் அது ஆரம்பமாயிற்று. பின்னர் 2014-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய உன்னத் பாரத் அபியான், உயர்கல்வி நிலையம் ஒவ்வொன்றும் ஐந்து கிராமங்களையாவது தத்து எடுத்துக்கொள்ள வேண்டுமென்றது. ஆயினும் பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் தமது படிப்புக் காலத்தில் அந்நியக் கிராமமொன்றில் இரவு தங்குவது அநேகமாக இந்த ஏழு நாள்தான். ஒரு பெரிய சிபார்சில் எஞ்சிய பங்கு அவ்வளவே என்பதால் அதை வீணாக்குவது தகாது.

ஏழு நாளில் எவ்வளவு வேலை நடக்கும்? முகாமுக்கு 50 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஏழு நாளுக்கு 350 ஆள்நாள். முதல் நாள் மூட்டை இறக்குவதிலும் தொடக்க விழாவிலும், கடைசி நாள் நிறைவு விழாவிலும் கழியும், மிச்சம் 250. அதிலும் உடலுழைப்புக்கு ஒதுக்குவது காலை நேரம் மட்டும் என்றால் 125 ஆள்நாள் கூடத் தேறாது. அதுவும் மண்வெட்டி பிடித்துப் பழகாத கைகளின் வேலை. வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதிலும் முட்புதர் வெட்டுவதிலும் நூறு நாள் வேலையில் பழகிய இவ்வூர்ப் பெண்கள் அரை நாளில் செய்வதை மாணவர் ஒரு நாளிலும் செய்யமாட்டார்கள். கோயில் வீதியைப் பெருக்கிப் படம் எடுத்துக்கொள்வதில் பாவம் ஒன்றுமில்லை. மறுநாள் காற்றில் சருகு மீண்டும் விழும், அவ்வளவே. மாணவர் உடலுழைப்பை விட்டுவிட வேண்டுமென்பது கருத்தன்று. சேர்ந்து மண் சுமப்பதனால் கூச்சம் போகும். ஆனால் கிராமத்தில் கிடைக்காததும் கலாசாலையில் கிடைப்பதும் எதுவோ அதைக் கொண்டுவருவதே முகாமின் பிரதான வேலையாக இருக்கவேண்டும்.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் தூள் கலக்கும் வழக்கம் எங்கும் உள்ளது. கடைசித் தெருக் குழாயில் விழும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கவேண்டும் என்பது விதி. திறந்து வைத்த மூட்டையிலுள்ள தூள் நாளடைவில் வீரியம் இழந்துவிடும்; பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். ரசாயனம் பயிலும் மாணவர் இருவர், சிறு சோதனைப் பெட்டி ஒன்றுடன் தெருத் தெருவாகக் குழாய் நீரைச் சோதித்தால், எந்தத் தெருவில் குளோரின் எட்டவில்லை என்று ஒரு காலையில் தெரிந்துவிடும். பரிசோதித்துச் சொல்லிவிட்டுப் போவதோடு நில்லாமல், தொட்டி இயக்குபவருக்கே அந்தச் சோதனையைக் கற்றுக்கொடுத்துப் பெட்டியையும் அவரிடம் விட்டுச் செல்லவேண்டும். அந்தப் பெட்டியை வாங்கவும், பிழையின்றிப் பயன்படுத்தப் பழகவும் விடுமுறைக்கு முன்னரே ரசாயன சாலையில் ஏற்பாடு ஆகவேண்டும். குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துப் பூட்டியபின் அதைப் பற்றி நினைத்துப் பயனில்லை.

கொசு ஒழிப்பிலும் இப்படித்தான். மழைக்குப்பின் டெங்குக் காய்ச்சல் பரவும் சமயத்தில் மாணவர்கள் வந்து உடைந்த சட்டிகளையும் டயர்களையும் கவிழ்க்கிறார்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால் தெளிந்த நீரில் இடப்படும் அந்தக் கொசுவின் முட்டை வெப்பமான இடங்களில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். முகாம் முடிந்து மாணவர்கள் ரயிலேறும் அதே கணக்கில் அடுத்த தலைமுறைக் கொசு தயாராகிறது. வாரம் ஒருமுறை, ஒரு குறித்த கிழமையில், வீட்டுத் தொட்டிகளைக் காலிசெய்து தேய்த்துக் கழுவும் வழக்கம் ஊரில் நிலைத்தாலன்றிப் பலனில்லை. அந்தக் கிழமையைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர்; மாணவரல்லர். ஆகவே அக்குழுவினரை முகாமுக்கு முன்பே கண்டு பேசுவது அவசியம்.

கணக்கெடுப்பு என்பது எல்லா முகாமிலும் உண்டு. குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வருமானம், கழிப்பிடம் உண்டா, இல்லையா என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்தத் தாள்கள் கலாசாலை அலமாரிக்குச் சென்றபின் திரும்பி வந்ததைப் பல ஊரார் கண்டதில்லை. அடுத்த முறை கேட்பவர்களுக்கு மனம்போன பதில் கிடைப்பதில் வியப்பென்ன? மேலும் இந்த வட்டாரம் 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி வரையில் ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எல்லைக்கோடு மாறிற்று; வீட்டுப்பேச்சு மாறவில்லை. தெலுங்கிலேயே சுகதுக்கம் பேசும் குடும்பங்கள் சுற்றூர்களில் உள்ளன. அங்கெல்லாம் செல்லும் குழுவில் தெலுங்கு அறிந்த ஒரு மாணவியேனும் இருக்கவேண்டும். கேள்விகளும் பத்துக்கு மேற்படாமல், ஒவ்வொன்றுக்கும் பதில் எதற்குப் பயன்படும் என்று வீட்டாரிடம் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

வாக்குக் கொடுப்பதைப் பற்றி இவ்வூராருக்கு வெளியூரார் போதிக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள பழையனூரில், நீலியின் சூழ்ச்சியை அறியாமல் வணிகனுக்குச் சொன்ன சொல் பொய்த்துப்போகவே வேளாளர் எழுபதின்மர் தீயில் இறங்கினார்கள் என்ற வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். அந்தப் பழையனூரை இராஜேந்திர சோழன் இத்தலத்து இறைவனுக்கு அளித்த செய்தி 1905-இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் 31 ஏடுகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய ஊரில் நிறைவு விழா மேடையில் ஏறி, நூல்நிலையம் அமைப்போம், தையற்பயிற்சி நடத்துவோம் என்று கலாசாலையார் எளிதில் வாக்களிப்பது நன்றன்று. ஒன்று சொன்னால் போதும். அதை அடுத்த வருஷத்து முகாமுக்கு முன் முடித்திருக்கவேண்டும்.

மாணவரிடம் ஏற்கெனவே கைவசமுள்ள ஓர் அறிவு உண்டு. கலாசாலையில் சேர்வது எப்படி என்பதே அது. விண்ணப்பம், ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், உதவித்தொகை, பேருந்துச் சலுகை அட்டை இவற்றுக்காக அலைந்து தேர்ந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் தத்தம் வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். அரசாங்கப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல், இராதாகிருஷ்ணன் பிறந்த அதே செப்டம்பர் 5-ஆம் தேதியில் தொடங்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் பெண்ணை வைத்துக்கொண்டு, அறுவடை முடிந்ததும் வரன் பார்க்கலாமா என்று யோசிக்கும் தாயாரிடம் இதை ஒரு மேடைப்பேச்சால் சொல்லி மாற்ற முடியாது. அதே மாதிரி வீட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தி, மாலை விளக்கேற்றியபின் அடுப்பங்கரை வாயிலில் உட்கார்ந்து, தான் சேர்ந்த கதையையும், செலவான தொகையையும், வங்கிக் கணக்கில் பணம் வந்த மாதத்தையும் சொன்னால் அந்தத் தாயார் கேட்பாள். முகாமின் ஏழு மாலைகளில் ஐந்தையேனும் நாடகத்துக்கும் பாட்டுக்கும் கொடுக்காமல் இதற்கு விடுவது உத்தமம்.

மாணவிகள் வரவேண்டுமானால் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வரும் கழிப்பிடமும், உள்தாழ்ப்பாளுள்ள அறையும், இரவு விளக்கும் இருக்கவேண்டும். இதைத் திட்ட அலுவலர் முகாமுக்கு மூன்று வாரம் முன்னதாகவே நேரில் வந்து பார்க்கட்டும். தாழ்ப்பாள் பொருத்துவதும், கழிப்பிடக் குழாயைச் செப்பனிடுவதும் ஊராட்சியின் பொறுப்பு. ஊரார் செய்யவேண்டிய மற்றொன்று, வரும் மாணவர்களை எல்லாத் தெருவுக்கும் அழைத்துச் செல்லுதல். ஊருக்குள் மட்டும் சுற்றிக்காட்டி, காலனிக்குக் கடைசி நாள் மாலையில் ஒருமுறை போய்வரும் முகாம் அரை முகாமே. கடைசித் தெருக் குழாயைப் பற்றி மேலே சொன்னதையும் இத்துடன் சேர்த்து நினைக்கவேண்டும்.

முகாம் முடிந்து, பொங்கலும் கழிந்து, கலாசாலை மீண்டும் திறக்கும்போது ஜனவரி 26-ஆம் தேதிக்கு அதிக நாள் இராது. அன்று கிராம சபை கூடும். தெருவாரியாகக் குளோரின் அளவு, பள்ளிப்படிப்பை விட்டு நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை, கலாசாலையில் சேர விருப்பம் தெரிவித்த பெண்களின் எண்ணிக்கை ஆகியவற்றை இரண்டே பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு மாணவர் நால்வர் காலை ரயிலில் திருவாலங்காட்டு நிலையத்தில் இறங்கட்டும். நிலையத்திலிருந்து ஊர் சற்றுத் தொலைவு. அவர்களை அழைத்துவர வண்டி அனுப்புவதை ஊராட்சியார் இப்பொழுதே குறித்துவைத்துக்கொள்ளலாம்.