உணர்கருவிச் சோதனையும் பொது மேக்ரோக்களும்

துகள் இயற்பியல் பரிசோதனைக்கான உணர்கருவி எதுவும் செய்த கையோடு சுரங்கத்துக்குள் இறக்கப்படுவதில்லை. முதலில் அதன் மாதிரி ஒன்றைக் கட்டி, வகையும் ஆற்றலும் தெரிந்த துகள்களை அதன்மேல் செலுத்திப் பார்க்கிறார்கள். இதற்கென்றே சோதனைக் கற்றை கிடைக்கும் இடங்கள் உண்டு. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் எஸ்.பி.எஸ். முடுக்கியின் வடக்குப் பகுதி அவற்றில் ஒன்று. ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்தில் 1 முதல் 6 ஜி.இ.வி. வரை ஆற்றல் கொண்ட எலெக்ட்ரான்கள் கிடைக்கின்றன. சிகாகோ அருகே ஃபெர்மிலேபில் 120 ஜி.இ.வி. புரோட்டான்கள் கிடைக்கின்றன.

ஒரு குழுவுக்கு அங்கே ஒதுக்கப்படும் காலம் பெரும்பாலும் ஓரிரு வாரம்தான். எஸ்.பி.எஸ்ஸில் கற்றையும் இடைவிடாமல் வராது. சில வினாடிகள் பாயும், பிறகு நிற்கும். அந்த இடைவெளிக்குள், வந்த தரவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர் அவசரமாக ஒரு சிறு நிரல் எழுதுவார்: கோப்பைத் திற, எண்களைப் படி, ஹிஸ்டோகிராம் வரை. இதைத்தான் மேக்ரோ என்கிறார்கள். எந்தக் கேபிள் இடம் மாறியிருக்கிறது, எந்த சேனல் செத்துவிட்டது என்ற விவரமெல்லாம் அந்த நிரலுக்குள் வெறும் எண்களாகப் புதைந்துவிடும். எழுதியவர் முனைவர் பட்டம் முடித்து வேறு நாட்டுக்குப் போன பிறகும், தரவு வட்டில் அப்படியே இருக்கும். அதைப் படிக்கும் வழி அவரோடு போய்விடும். பொது மேக்ரோக்களும் நிரல் மரபுகளும் இந்த இழப்பைத் தடுக்கத்தான் பிறந்தன.

இத்துறையின் பொதுக் கருவி ரூட் என்ற மென்பொருள். 1980களில் செர்னில் உருவான, ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட 'பா' என்ற மென்பொருளுக்குப் பின்வந்தது அது. 1995இல் ரெனே புருனும் ஃபோன்ஸ் ராடெமாக்கர்ஸும் அதைத் தொடங்கினார்கள். மசஹாரு கோட்டோ உருவாக்கிய சின்ட் என்ற மொழிபெயர்ப்பி அதில் சேர்ந்ததால், சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய மேக்ரோவைத் தொகுக்காமலே ஓட்ட முடிந்தது. இது பெரிய வசதி. கூடவே ஒரு தளர்ச்சியும் வந்தது. அறிவிக்காத மாறியையும் சின்ட் ஏற்றுக்கொள்ளும். அம்புக்குறி போட வேண்டிய இடத்தில் புள்ளி வைத்தாலும் பொறுத்துக்கொள்ளும். 2014இல் ரூட்டின் ஆறாம் பதிப்பு வந்து, சின்டின் இடத்தைக் கண்டிப்பான கிளிங் பிடித்தபோது, இப்படி எழுதிய பழைய மேக்ரோக்கள் ஓட மறுத்தன. மேக்ரோவின் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி சேர்த்தால் ரூட் அதை முறைப்படி தொகுத்தே ஓட்டும். அந்த வழக்கத்தைக் கட்டாயமாக்கியிருந்த குழுக்களுக்கு மாற்றம் எளிதாக இருந்தது.

ரூட்டின் பெயரிடும் மரபு கேட்ட மாத்திரத்தில் விளங்கும். வகுப்பின் பெயர் டி என்ற எழுத்தில் தொடங்கும். பொருளுக்குள் சேமிக்கப்படும் மதிப்பு எஃப், நிரல் முழுக்கப் பொதுவான மாறி ஜி, மாறிலி கே. உள்தள்ளல் மூன்று இடைவெளி, டேப் கூடாது. இது வெறும் அழகுக்காகச் செய்ததல்ல. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலின் நடுவே ஜி-யில் தொடங்கும் பெயரைக் கண்டதும், இதன் மதிப்பை வேறொரு மேக்ரோவும் மாற்றியிருக்கக்கூடும் என்று படிப்பவர் உஷாராகிவிடுவார். ஒரே அமர்வில் நாலைந்து மேக்ரோக்களை ஓட்டும் இடத்தில் இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. முந்தைய ரன்னின், அதாவது முன்பு ஒரு தடவை எடுத்த தரவின், ஹிஸ்டோகிராம் அதே பெயரில் நினைவகத்தில் தங்கியிருப்பது அங்கே அன்றாடம் நடப்பது.

ஆனால் பெயர்களைவிடப் பெரிய விஷயம் எண்ணும் முறை. நேயர்கள் இந்த இடத்தைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். சிலிக்கான் பட்டை உணர்கருவி ஒன்றில் 128 பட்டைகள். மின்னணுச் சில்லு அவற்றை 0 முதல் 127 வரை எண்ணுகிறது. ரூட்டின் ஹிஸ்டோகிராமிலோ முதல் கட்டத்தின் எண் 1; பூஜ்யம் என்பது எல்லைக்குக் கீழே விழுந்தவற்றுக்கான கட்டம். பட்டை எண்ணுக்குப் பதில் கட்ட எண்ணை ஒருவர் எடுத்துக்கொண்டால், எல்லாத் துகள்களும் ஒரு பட்டை தள்ளிப் பதிவாகும். பட்டைகளின் இடைவெளி 50 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். பட்டை அடித்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தாலே, இடத்தைச் சுமார் 14 மைக்ரான் துல்லியத்தில் சொல்லலாம். பிழை அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்!

இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படுவதும் இல்லை. கற்றையின் பாதையில் அடுத்தடுத்து நிற்கும் உணர்கருவித் தளங்களை ஒன்றோடொன்று நேர்ப்படுத்தும் நிரல், இதையும் பொருத்தும்போது வந்த இடப்பெயர்ச்சி என்று கருதிச் சரிசெய்துவிடும். வரைபடம் அழகாகவே வரும். அந்த நேர்ப்படுத்தல் எண்களை வேறொருவர், சரியாக எண்ணும் தம் மேக்ரோவில் பயன்படுத்தும் நாளில்தான் 50 மைக்ரான் பிழை தலைகாட்டும். அன்று இரண்டு பேரும் தங்கள் நிரல் சரி என்றே சொல்வார்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் பொருந்தி வருபவைதான்.

அச்சுகளுக்கும் இதே கதை. கற்றை போகும் திசை இசட், மேல்நோக்கி ஒய் என்பது பரவலான வழக்கம். வலக்கை விதிப்படி, கற்றை போகும் திசையைப் பார்த்து நிற்பவருக்கு எக்ஸ் இடப்பக்கம் விழும். தாளில் எல்லோரும் எக்ஸை வலப்பக்கம் வரைவார்கள். அது கற்றைக்கு எதிர்முகமாக நிற்பவர் காணும் படம். எந்தப் பக்கம் நின்று வரைந்தது என்று எழுதி வைக்காத படத்தால் ஒரு வாரக் கற்றை நேரமே வீணாகலாம்.

மரபுகளின் முழு அருமை தெரிய காலிஸ் கூட்டமைப்பைப் பார்க்க வேண்டும். வருங்கால நேர்கோட்டு மோதுவிக்காக ஆற்றல் அளவிகளை உருவாக்கும் பன்னாட்டுக் குழு அது. புரோட்டான் போன்ற ஹேட்ரான் துகள்களை அளக்கும் அதன் அளவி மாதிரியில் 38 அடுக்குகளில் 7,608 மின்னொளிர் ஓடுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கான் ஒளிப்பெருக்கி. ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனித் திருத்தங்கள் உண்டு. துகளே வராதபோதும் மின்னணுக் கருவி ஓர் எண்ணைக் காட்டும். எண்ணெய் அளக்குமுன் காலித் தூக்கை நிறுத்துக் கழிப்பதுபோல் அதை முதலில் கழிக்க வேண்டும். பிறகு எல்.இ.டி. ஒளியால் அளந்த பெருக்கத்தால் வகுக்க வேண்டும். வெப்பம் ஏறினால் அந்தப் பெருக்கம் குறையும் என்பதால், வெப்பநிலைப் பதிவும் கூடவே வேண்டும். ஒளிப்பெருக்கியில் 1,156 நுண்கட்டங்கள்தான். ஒளி மிகுந்தால் நிறைந்துவிடும். அதற்கான திருத்தம் நேர்விகிதமானதல்ல. எனவே ஒவ்வொரு சேனலுக்கும் தனியாகச் செய்த பின்பே கூட்ட வேண்டும். கூட்டிவிட்டுத் திருத்தினால் தவறான விடையே வரும். கடைசியில் மியூவான் விட்டுச்செல்லும் ஆற்றலை அளவுகோலாகக் கொண்டு, எல்லாச் சேனல்களும் ஒரே அலகுக்கு வரும்.

இந்த வரிசையை ஆளாளுக்குத் தம் மேக்ரோவில் எழுதினால், ஒருவர் கழித்ததை இன்னொருவர் மறுபடியும் கழிப்பார். ஆகவே காலிஸ் குழு எல்.சி.ஐ.ஓ. என்ற பொதுத் தரவு வடிவத்தையும் மார்லின் என்ற பொது நிரல் சட்டகத்தையும் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு திருத்தமும் ஒரு தனிக் கூறு. அதன் அளவுருக்கள் தனியே ஓர் உரைக் கோப்பில் இருக்கும். மூலத்தரவை யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு கட்டத்தின் விளைவும் புதிய பெயரில் சேரும். அளவுத்திருத்த எண்கள் நிரலுக்குள் இல்லாமல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்ற குறிப்போடு தரவுத்தளத்தில் இருக்கும். கற்றைத் துகள்களின் பாதையை அளக்கும், டெசியின் ஆறு தள பிக்சல் தொலைநோக்கியின் தரவுக்கான யூடெலஸ்கோப் மென்பொருள் இதே மார்லின்மேல் எழுந்தது. பின்னர் வந்த கோரிவ்ரெக்கன் தனிச் சட்டகம் என்றாலும், வேலையைக் கூறுகளாகப் பிரிக்கும் வழக்கம் அதிலும் உண்டு.

இவ்வளவு பெரிய சட்டகம் ஒரு சிறு குழுவுக்குத் தேவையில்லை. சில வழக்கங்கள் போதும். சேனல் வரைபடமும் ரன் பட்டியலும் நிரலுக்கு வெளியே தனிக் கோப்புகளில் இருக்க வேண்டும். மேக்ரோக்கள் கிட் போன்ற பதிப்புக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். சிறிய மாதிரி ரன் ஒன்றும், அதிலிருந்து வர வேண்டிய ஹிஸ்டோகிராமும் அவற்றோடே இருக்க வேண்டும். யார் எதை மாற்றினாலும் முதலில் அந்த ரன்னை ஓட்டி, பழைய படத்தோடு ஒத்துப்பார்ப்பார்கள். இப்படிப் பேணிய தரவு நெடுநாள் பயன்படும்: 2006, 2007 ஆண்டுகளில் செர்னில் காலிஸ் குழு எடுத்த தரவு, ஜியன்ட்4 என்ற உருவகப்படுத்தல் மென்பொருளின் பிற்காலப் பதிப்புகள் ஹேட்ரான் பொழிவுகளை எவ்வளவு சரியாகக் கணிக்கின்றன என்று பார்க்கப் பல ஆண்டுகள் கழித்தும் உதவியது.