நோட்டீஸ் காலத்தில் இன்டர்வியூவுக்குப் போக பல்வலி எதுக்கு?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். இங்கிலாந்தில், லீட்ஸில் வேலை பார்க்கிற ஒரு தம்பி அனுப்பியிருந்தார். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு, ஸ்கில்டு வொர்க்கர் விசா. அவரோட டீமையே கலைக்கிறாங்க. எட்டு வார நோட்டீஸ் கையில் வந்தாச்சு. அவர் கேட்டது இதுதான்: "அக்கா, வியாழக்கிழமை மதியம் ஒரு இன்டர்வியூ இருக்கு. மறுபடியும் பல்வலின்னு சொல்லிட்டுப் போகட்டுமா?"

ஏற்கெனவே ரெண்டு தடவை பல்லைச் சொல்லியாச்சாம். அது போக ரெண்டு நாள் ஆண்டு விடுப்பும் இன்டர்வியூவுக்கே போயிருக்கு. கேட்டப்போ சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கஷ்டமா இருந்துச்சு. ஏன்னா அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. பிரிட்டனில் இதுக்குன்னே ஒரு சட்டம் இருக்கு.

எம்ப்ளாய்மெண்ட் ரைட்ஸ் ஆக்ட் 1996, பிரிவு 52. ரிடண்டன்சி, அதாவது ஆட்குறைப்புன்னு சொல்லி உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்துட்டா, அந்த நோட்டீஸ் முடியறதுக்குள்ள வேலை நேரத்திலேயே நியாயமான அளவு நேரம் எடுத்துக்கிட்டு புது வேலை தேடலாம். அடுத்த வேலைக்கான பயிற்சிக்கு ஏற்பாடு செய்யவும் அந்த நேரத்தை எடுத்துக்கலாம். இது கம்பெனி காட்டுற கருணை இல்ல, உங்க உரிமை.

இங்க ஒரு சின்ன விஷயம். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துட்டு வந்தவங்களுக்கு நோட்டீஸ் பீரியட்னாலே ராஜினாமா பண்ணிட்டு தொண்ணூறு நாள் உட்கார்றதுதான் ஞாபகம் வரும். இது அது இல்ல. நீங்களா ராஜினாமா பண்ணினா இந்த உரிமை கிடையாது. "உங்க வேலை ஆபத்தில் இருக்கு" என்று முதல்ல ஒரு கடிதம் வரும் பாருங்க, அந்தக் கட்டத்திலும் சட்டப்படி இது ஆரம்பிக்கல. அப்பவே நேரம் கொடுக்கிற கம்பெனிகள் உண்டு, கேட்டுப் பார்க்கலாம். ஆனா உரிமைன்னு பேசணும்னா வேலை நீக்க நோட்டீஸ் கைக்கு வந்திருக்கணும்.

இன்னொரு நிபந்தனை, ரெண்டு வருஷ சர்வீஸ். இதில்தான் நிறைய பேர் தப்பா கணக்குப் போட்டு வாயை மூடிக்கிறாங்க. ரெண்டு வருஷம் முடிஞ்சிருக்கான்னு பார்க்கிறது நோட்டீஸ் கொடுத்த அன்னைக்கு இல்ல, நோட்டீஸ் முடியற அன்னைக்கு. 2024 ஜூன் 3-ம் தேதி சேர்ந்தீங்க, 2026 ஏப்ரல் 30-ல் ரெண்டு மாச நோட்டீஸ் கொடுக்கிறாங்கன்னு வைங்க. அன்னைக்கு உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆகல. ஆனா நோட்டீஸ் முடியற ஜூன் 30-ல் ஆகிடும். அது போதும், ஏப்ரல் 30-லேர்ந்தே இந்த உரிமை உங்களுக்கு உண்டு.

சரி, இந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா? உண்டு, ஆனா உச்சவரம்பு இருக்கு. முழு நோட்டீஸ் காலத்துக்கும் சேர்த்து ஒரு வாரச் சம்பளத்தில் 40 சதவீதம் வரைக்கும்தான் கம்பெனி கொடுத்தாகணும். அஞ்சு நாள் வேலைன்னா ரெண்டு நாள் சம்பளம். வாரம் 750 பவுண்டு வாங்கினா 300 பவுண்டு. நோட்டீஸ் நாலு வாரமா இருந்தாலும் சரி, பன்னிரண்டு வாரமா இருந்தாலும் சரி, அதே 300-தான். பன்னிரண்டு வருஷம் உழைச்சவருக்கும் ரெண்டே நாள்னா, கஞ்சத்தனம்தான், வேற என்ன சொல்ல?

ஆனா ஒண்ணைக் கவனிங்க. அந்த வரம்பு பணத்துக்கு மட்டும்தான், நேரத்துக்கு இல்ல. நம்ம தம்பிகிட்ட மேனேஜர் "ரெண்டு நாள்தான் பாலிசி" என்று சொல்லியிருக்கார். இந்தக் குழப்பம் ரொம்பப் பரவலா இருக்கு. சட்டம் நேரத்துக்குச் சொல்ற வார்த்தை "நியாயமான" என்பது மட்டும்தான். எவ்வளவு நீள நோட்டீஸ், உங்க துறையில் வேலை கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம், நீங்க இல்லாத நேரத்தில் அங்க வேலை எவ்வளவு பாதிக்கும், இதையெல்லாம் வெச்சுத்தான் அதை முடிவு பண்ணணும். மூணாவது நாள், நாலாவது நாள் தேவைப்பட்டா கேட்கலாம். அதுக்குச் சம்பளம் வராம போகலாம், அவ்வளவுதான்.

அடுத்தது, "எந்தக் கம்பெனி, எத்தனை மணிக்கு, அழைப்பு மெயிலைக் காட்டு" என்று கேட்பாங்க. 1978-ல் ஹாக்கர் சிட்லி ஏவியேஷன் கம்பெனி மேல ஒரு ஊழியர் போட்ட வழக்கில் இதே பிரச்சினை வந்துச்சு. இன்டர்வியூ விவரத்தைக் கொடுத்தால்தான் நேரம் கொடுப்போம்னு கம்பெனி அடம் பிடிக்க முடியாதுன்னு மேல்முறையீட்டு ட்ரிப்யூனல் சொல்லிடுச்சு. இருந்தாலும், விவரம் சொல்றதில் நஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க. வேலை சுலபமா முடியும். ஆனா ஒண்ணு, கேட்காம எழுந்து போகிற உரிமை கிடையாது. முன்கூட்டியே கேட்கணும், எழுத்தில் கேட்கணும்.

கொடுக்க மறுத்தா? மூணு மாசத்துக்குள்ள ஏகாஸ் என்கிற சமரச அமைப்பை அணுகி, அங்க சரியாகலன்னா எம்ப்ளாய்மெண்ட் ட்ரிப்யூனலுக்குப் போகலாம். ஆனா உண்மையைச் சொல்லிடறேன். அங்க கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகையும் அதே ரெண்டு நாள் சம்பளம்தான். அதுக்காக யார் படியேறுவா? என்னைக் கேட்டா, இந்தச் சட்டத்தோட பலம் ட்ரிப்யூனலில் இல்ல, நீங்க அனுப்புற மெயிலில் இருக்கு. பிரிவு 52-ன்னு ஒரு வரி பார்த்ததும் மனிதவளத் துறைக்குப் புரிஞ்சிடும், மேனேஜரோட பேச வேண்டியது அவங்க வேலையாகிடும்.

விசாவில் இருக்கிறவங்களுக்கு இது சாதாரண விஷயம் இல்ல. வேலை முடிஞ்சதும் ஸ்பான்சர் கம்பெனி பத்து வேலை நாளுக்குள்ள உள்துறைக்குத் தெரிவிக்கணும். அப்புறம் அங்கிருந்து கடிதம் வரும், பெரும்பாலும் 60 நாள் கொடுப்பாங்க. அதுக்குள்ள புது ஸ்பான்சர் கிடைச்சு, அவங்க சான்றிதழ் கொடுத்து, நீங்க புது விண்ணப்பம் போட்டிருக்கணும். இல்லன்னா மூட்டை கட்டணும். இன்டர்வியூ ரவுண்டுகளே ஒரு மாசம் இழுக்கிற காலத்தில் 60 நாள் பத்தாது. நோட்டீஸ் வாரங்களில் அந்தக் கடிகாரம் இன்னும் ஓட ஆரம்பிக்கல, சம்பளமும் வந்துட்டிருக்கு. அந்த எட்டு வாரத்தை "கேட்டா என்ன நினைப்பாங்களோ" என்கிற கூச்சத்தில் தொலைச்சிடாதீங்க. வேலையை விட்டே அனுப்புறவங்க இனி என்ன நினைச்சா என்ன?

ஆண்டு விடுப்பையும் இன்டர்வியூவுக்குச் செலவழிக்காதீங்க. எடுக்காத விடுப்புக்குக் கடைசியில் பணம் வரும். ரிடண்டன்சி பணத்தை வாங்கினா விசாவுக்குப் பிரச்சினையான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இல்ல, அது அரசு உதவித்தொகை கணக்கில் வராது.

ஒரு எச்சரிக்கை. புது கம்பெனி உடனே வரச் சொன்னா, பழைய கம்பெனிகிட்ட எழுத்தில் சம்மதம் வாங்காம நோட்டீஸுக்கு நடுவில் கிளம்பிடாதீங்க. ரிடண்டன்சி பணமே கைவிட்டுப் போகலாம். விசாக்காரங்க புது அனுமதி வராம அங்க வேலையைத் தொடங்கவும் கூடாது.

தம்பி எழுதின மெயில் நாலே வரி. வியாழன் மதியம் ஒன்றரையிலிருந்து நாலரை வரை இன்டர்வியூவுக்காக நேரம் வேணும், பிரிவு 52-ன் கீழ் கேட்கிறேன், காலையில் வேலையை முடிச்சுட்டுப் போறேன், பதிலை மெயிலிலேயே அனுப்புங்க. அரை மணி நேரத்தில் "ஓகே, ஆல் த பெஸ்ட்" என்று மேனேஜர் பதில் போட்டிருக்கார். அந்த இன்டர்வியூ முடிஞ்சு, அடுத்த செவ்வாய்க்கிழமை ரெண்டாவது ரவுண்டு. அதுக்கான மெயிலை நேத்தே அனுப்பிட்டேன்னு சொன்னார்.