கூகையின் பொழுது

ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பொருளை எடுத்து ஆற அமர எண்ணிப் பார்க்க இடந்தருவதுதான் அறக்கட்டளைச் சொற்பொழிவின் பயன். அந்த இடத்தை, நம் வீடுகளில் அன்றாடம் ஏச்சு வாங்கும் ஒரு சாராருக்காக வாதாட இன்று எடுத்துக்கொள்கிறேன். இரவு 11 மணிக்கு மேல்தான் மனம் தெளிகிறவர்கள், நள்ளிரவு தாண்டாமல் கண்ணயர முடியாதவர்கள், காலை 5 மணிக்கு எழுப்பினால் நண்பகல் வரை பாதி விழிப்போடு நடமாடுகிறவர்கள் எல்லா ஊரிலும், எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். ஆந்தை என்று அவர்களைக் கேலி செய்கிறோம். சோம்பேறி என்றும் மூதேவி என்றும் திட்டுகிறோம்.

ஆந்தை என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு தொடங்கலாம். திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தைத் திறந்தவுடன் வள்ளுவர் இரண்டு பறவைகளைக் காட்டுகிறார். தன்னைவிட வலிய கூகையை, அதாவது ஆந்தையை, காக்கை பகலில் வென்றுவிடுகிறது. வெற்றியை நாடும் அரசன் தனக்கு ஏற்ற காலத்தைத் தேர வேண்டும் என்பதற்காகச் சொன்ன உவமை இது. அரசனை விட்டுவிட்டுக் கூகையின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு பொருளும் கிடைக்கிறது. இதே இரண்டு பறவைகளும் நள்ளிரவில் மோதினால் முடிவு மாறும். ஆகவே பகலில் கூகை தோற்றதைக் கொண்டு அதன் வலிமையை அளக்கக் கூடாது. நம் பள்ளிகளும் அலுவலகங்களும் வீடுகளும் போட்டிகளையெல்லாம் முற்பகலில் வைத்துவிட்டு, அதில் பின்தங்கியவரின் குணத்தில் குறை காண்கின்றன. பொழுதின் பொருத்தமின்மையை ஒழுக்கக் கேடாக எண்ணும் இந்தத் தீர்ப்பு பிழையானது என்பதே என் வாதம்.

உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது இன்று உவமையாகச் சொல்லப்படும் செய்தியன்று. 1729-இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் குவிந்தன. 1938-இல் நத்தானியேல் கிளைட்மன் என்ற உறக்க ஆய்வாளர் தம் மாணவர் ரிச்சர்ட்சனோடு அமெரிக்காவின் மாமத் குகைக்குள் 32 நாள் தங்கி, நாளொன்றுக்கு 28 மணி நேரம் என்று வாழ்ந்து பார்த்தார். மாணவரின் உடல் அந்தப் புது நாளுக்குப் பழகியது; ஆசிரியரின் உடல் வெப்பமோ பழைய 24 மணிக் கணக்கிலேயே ஏறி இறங்கியது. ஒரே குகை, ஒரே ஒழுங்கு, இரண்டு உடல்கள். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களின் நாளொழுங்கை ஆராய்ந்தார். வெளியுலகின் பொழுதே தெரியாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் அவர்களின் உறக்கத்தையும் விழிப்பையும் அளந்தார். 1999-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு, மனித உடற்கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று கணித்தது. வெளிச்சம்தான் அதை நாள்தோறும் திருத்தி வைக்கிறது. சுற்று சற்று நீளமானவர்களுக்குப் பொழுது பின்னோக்கி நழுவப் பார்க்கும். அவர்களே நம் கூகைகள்.

இந்த வேறுபாட்டின் வேர் மரபணுவில் இருக்கிறது. 1971-இல் ரொனால்டு கொனாப்காவும் சீமோர் பென்சரும் பழ ஈக்களில் ஒரே மரபணுவில் நேர்ந்த மாற்றங்களை இனங்கண்டார்கள். ஒரு மாற்றம் ஈயின் நாளை 19 மணியாகச் சுருக்கியது. மற்றொன்று 28 மணியாக நீட்டியது. மூன்றாவது தாளத்தையே குலைத்தது. அந்த மரபணு வேலை செய்யும் விதத்தைத் துலக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 2019-இல் ஏறத்தாழ 7 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை அலசிய ஓர் ஆய்வு, காலை இயல்போடு தொடர்புடைய 351 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டது. ஒருவர் விடியலில் மலர்வதும் நள்ளிரவில் மலர்வதும் நூற்றுக்கணக்கான சிறு காரணங்கள் கூடி அமைவது, உயரத்தைப் போல. குள்ளமாகப் பிறந்தவரை உயரமாக வளரச் சொல்லி யாரும் அறிவுரை கூறுவதில்லை.

இயற்கை ஏன் எல்லாரையும் ஒரே நேரத்தில் உறங்க வைக்கவில்லை என்று கேட்கலாம். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்ஸா மக்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. 33 பெரியவர்களின் உறக்கத்தை ஏறத்தாழ மூன்று வாரம் பதிவு செய்தபோது, எல்லாரும் ஒருசேர உறங்கியது மொத்தமாக 18 நிமிடம் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் யாராவது ஒருவர் விழித்திருந்தார். காவலுக்கு ஆளே நியமிக்காமல் அந்தக் கூட்டம் இரவு முழுக்கக் காவல் காக்கப்பட்டது. வாலிபர்கள் பின்னிரவு வரை விழித்திருப்பதும் முதியவர்கள் முன்விடியலில் எழுந்துவிடுவதும் ஒரே ஏற்பாட்டின் இரு பகுதிகள். நம் முன்னோரும் இரவை வெறும் உறக்கமாகக் கருதியதில்லை. தொல்காப்பியம் நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்து, மருதத்துக்கு வைகறையைத் தந்ததைப் போலவே குறிஞ்சிக்கு யாமத்தைத் தந்தது. மதுரைக்காஞ்சி காட்டும் மதுரையில் பகற்சந்தையான நாளங்காடியும் இருந்தது, இரவுச் சந்தையான அல்லங்காடியும் இருந்தது. கூத்து விடிய விடிய நடந்தது. இன்றும் கோயம்பேட்டில் காய்கறி லாரிகள் இரவில் வந்து சரக்கு இறக்குவதால்தான், காசிமேட்டில் விடியுமுன் ஏலம் நடப்பதால்தான், செவிலியர்கள் இரவெல்லாம் விழித்திருப்பதால்தான் விடியற்காலையில் எழுபவரின் நாள் சீராகத் தொடங்குகிறது. காலையைப் போற்றும் சமூகம் இரவில் விழித்திருப்போரின் உழைப்பில் நிற்கிறது.

பொருந்தாத பொழுதில் வாழ்வதற்கு ஒரு விலை உண்டு. வேலை நாளில் அலாரத்துக்கு எழுந்து, விடுமுறை நாளில் உடல் கேட்ட நேரம் வரை உறங்குகிறவரின் உறக்கம் வாரந்தோறும் இரண்டு நாடுகளுக்கு இடையே பறப்பதுபோல் அலைகிறது. ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோனபெர்க்கும் அவருடைய குழுவினரும் 2006-இல் இதற்குச் சமூக ஜெட்லாக் என்று பெயரிட்டார்கள். இதில் மிகுதியாக அடிபடுபவர்கள் பதின்பருவத்தினர். அதே குழு 2004-இல் காட்டியபடி, உடலின் பொழுது குழந்தைப் பருவத்துக்குப் பின் ஆண்டுதோறும் தள்ளிக்கொண்டே போய், 20 வயதை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகுதான் மெல்லத் திரும்புகிறது. அந்த வயதில்தான் நாம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நுழைவுத் தேர்வு என்று எல்லாச் சுமையையும் ஏற்றுகிறோம். பள்ளி மணி 9-ஐ ஒட்டி அடித்தாலும், அதற்கு முன் சிறப்பு வகுப்பு, அதற்கும் முன் டியூஷன், பள்ளிப் பேருந்துக்காகத் தெருமுனையில் காத்திருப்பு. விடுதியில் அதிகாலைப் படிப்பு நேரத்தில் புத்தகத்தின் மேல் தலை சாயும் பிள்ளையைத் தட்டியெழுப்பும் கண்காணிப்பாளர், அப்பிள்ளையின் உடலுக்கு அது இன்னும் நள்ளிரவு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

முதல் மறுப்பு எல்லார் நாவிலும் இருக்கிறது: இது பிறவி இயல்பு இல்லை, கைப்பேசி செய்த கோளாறு. இதில் உண்மை உண்டு. அதை மறைக்க மாட்டேன். 2013-இல் அமெரிக்காவின் கொலராடோவில் எட்டுப் பேரை மின்விளக்கின்றி ஒரு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தபோது, அவர்களின் உடற்கடிகாரம் ஏறக்குறைய 2 மணி நேரம் முன்னுக்கு வந்தது. இரவு இயல்பினருக்கு இன்னும் கூடுதலாக வந்தது. செயற்கை வெளிச்சம் கூகையை மேலும் கூகையாக்குகிறது என்பதற்கு இது சான்று. ஆனால் மின்சாரமே இல்லாத ஹட்ஸா குடியிருப்பிலும் முன்னுறங்குவோரும் பின்னுறங்குவோரும் இருந்தார்கள். விளக்கை அணைத்தால் இடைவெளி குறையும், மறையாது. பள்ளியைத் தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தானே படுப்பார்கள் என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. 2016-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியது. தள்ளிவைத்த 55 நிமிடத்தில் 34 நிமிடத்தை மாணவர்கள் உறக்கத்துக்கே செலவிட்டதை மணிக்கட்டுக் கருவிகள் பதிவு செய்தன. கலிஃபோர்னியா மாநிலம் 2019-இல் சட்டமே இயற்றி, 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று ஆக்கியது.

இரண்டாம் மறுப்பு மருத்துவம் சார்ந்தது. இரவில் விழித்திருப்பவர்களுக்கு நோய் மிகுதி என்று செய்திகள் வருகின்றன. பிரிட்டனில் 4 லட்சத்து 33 ஆயிரம் பேரை ஆறரை ஆண்டு தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், உறுதியான இரவு இயல்பினருக்கு இறப்பு ஆபத்து 10 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இந்த எண்ணை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அது எதனால் கூடியது என்று கேட்க வேண்டும். பின்லாந்தில் ஏறத்தாழ 23,000 இரட்டையர்களை 37 ஆண்டு தொடர்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, இரவு இயல்பினரின் கூடுதல் ஆபத்தின் பெரும்பகுதி புகையாலும் மதுவாலும் வந்தது என்று கண்டது. நேரங்கெட்ட உணவு, குறை உறக்கம், ஓயாத குற்றவுணர்வு ஆகியவற்றோடு பல்லாண்டு வாழும் ஓர் உடல் தளர்ந்தால், பழியை அதன் இயல்பின் மேல் மட்டும் போட முடியாது. கூகையைப் பகலிலேயே போரிட வைத்துவிட்டு, அதன் காயங்களைக் காட்டி அது நோஞ்சான் என்று சொல்வதற்கு அந்தப் பழி நிகராகும்.

மூன்றாம் மறுப்பு மரபின் பெயரால் வருவது. விடியுமுன் எழச் சொன்னவர் ஔவையார். பள்ளியெழுச்சி பாடிய நாடு இது. அந்த அறிவுரைக்கு அன்று தக்க காரணம் இருந்தது. விளக்கெண்ணெய் அரிதாக இருந்த வெப்ப நாட்டில், வெயில் ஏறுமுன் ஏர் பூட்டி முடித்தவன் பிழைத்தான். இன்றும் வயலுக்கு அந்த நேரம்தான் நல்லது. ஆனால் குளிரூட்டிய அறையில் கணக்கு எழுதுபவருக்கும், நிரல் எழுதுபவருக்கும், ஆய்வேடு எழுதுபவருக்கும் வெயில் ஏறுவதைப் பற்றிய கவலை இல்லை. மடியின்மையைப் பத்துக் குறளில் வற்புறுத்திய வள்ளுவர் அதில் எழும் நேரத்தைக் குறிக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதைக் கடிந்தார். இரவு 2 மணி வரை உழைத்துக் காலை 9-க்கு எழுபவர் உறங்கிய நேரமும், 10-க்குப் படுத்து 5-க்கு எழுபவர் உறங்கிய நேரமும் ஒரே 7 மணிதான். ஒருவரைச் சுறுசுறுப்பு என்றும் மற்றவரைச் சோம்பல் என்றும் சொல்வதில் கணக்கும் இல்லை, நீதியும் இல்லை. இதில் பெண்களின் நிலை இன்னும் கொடிது. விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போடாத மருமகள் பிறந்த வீடு வரை பேச்சு வாங்குகிறாள். முந்தின இரவு எல்லாரும் உறங்கியபின் பாத்திரம் கழுவிக் கடைசியாகப் படுத்தவளும் அவள்தான் என்பது கணக்கில் வருவதில்லை.

பொது நேரம் என்று ஒன்று இல்லாமல் சமூகம் நடக்குமா என்பது கடைசிக் கேள்வி. நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொது நேரம் மனிதர் கூடி வகுத்தது, மாற்றத் தக்கது. இந்தியப் பொது நேரம் 1906 ஜனவரி 1 அன்று வந்தது. அதற்கு முன் நம் ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தத்தம் நேரத்தை விடவில்லை. இலங்கை அரசு மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996-இல் இருமுறை கடிகாரத்தை மாற்றி, 2006-இல் பழைய நேரத்துக்குத் திரும்பியது. ரயிலுக்கும் மின்சாரத்துக்கும் வளைந்து கொடுத்த கடிகாரம் மனித உடலுக்கும் சற்று வளையலாம். எல்லாரும் கூட வேண்டிய சில மணிகளை மட்டும் பொதுவாக்கி, மற்றதை அவரவர் பொழுதுக்கு விடலாம். இரவுப் பணி தவிர்க்க முடியாத இடங்களில் அதை இரவு இயல்பினருக்கு முதலில் கேட்டுக் கொடுக்கலாம். ஜெர்மனியில் ஓர் எஃகுத் தொழிற்சாலையில் தொழிலாளரின் இயல்பு அறிந்து ஷிப்டு பிரித்தபோது அவர்கள் கூடுதலாகவும் ஆழ்ந்தும் உறங்கினார்கள் என்று 2015-இல் ஆய்வு வெளியானது. அதே ஏற்பாட்டில் விடிகாலை இயல்பினரும் இரவுப் பணியின் வதையிலிருந்து தப்பினார்கள். கூகைக்குச் செய்யும் நீதி காக்கைக்கும் நன்மையாகிறது.

ஆகவே இந்த அவையின் வழியாக மூன்று வேண்டுகோள். பள்ளி நடத்துவோரே, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு விடியற்காலைச் சிறப்பு வகுப்பை நிறுத்துங்கள். அந்த ஒரு மணி நேரத்தை அவர்களின் உறக்கத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். அலுவலகம் நடத்துவோரே, வந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டைவிட முடித்த வேலையைப் பாருங்கள். பெற்றோரே, மாமியாரே, மாமனாரே, நாளைக் காலை 7 மணிக்கும் உங்கள் வீட்டில் ஓர் அறைக் கதவு சாத்தியிருந்தால், அதைத் தட்டுவதற்கு முன் உள்ளே இருப்பவர் எப்போது படுத்தார் என்று ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய வீட்டில் சோம்பேறி என்ற சொல் மெல்ல மறையும்.