சந்தனக் கிடங்கும் சங்கிலிப் பேரேடும்



ஜவ்வாது மலையின் சந்தனக் கட்டைகள் திருப்பத்தூர் அரசுக் கிடங்கிற்கு வந்து ஏலம் விடப்படுவதை இப்பகுதியினர் நன்கறிவர். ஏலத்தில் எடுத்தவர் கட்டையைக் கொண்டு செல்லும் வரை அவர் கையில் இருப்பது சீட்டு மட்டுமே. உள்ளே கட்டை இருப்பதனால்தான் அச்சீட்டுக்கு மதிப்பு. இன்றைய கணினி நிதியுலகின் பெருஞ்சிக்கல் இவ்வளவே.

பிளாக்செயின் என்பது ஒரே கணக்கைப் பலருடைய கணினிகளில் ஒருசேர எழுதிவைக்கும் சங்கிலிப் பேரேடு. 2009-இல் பிட்காயினுடன் இது வழக்கிற்கு வந்தது. 2015-இல் தோன்றிய எத்திரியம், பணக்கணக்கோடு ஒப்பந்தங்களையும் பேரேட்டில் எழுத இடந்தந்தது. கடன் வழங்குதல், வட்டி கணக்கிடுதல், ஈட்டை விற்றல் ஆகியவற்றை வங்கியின்றி நிரலே செய்யும் மையமற்ற நிதி அதன்மீது வளர்ந்தது. நெரிசல் மிகவே கட்டணம் உயர்ந்தது. சிறுதொகை உடையோர் சொலானா, இந்தியர் சிலர் 2017-இல் மேட்டிக் என்ற பெயரில் தொடங்கிய பாலிகன் போன்ற வேறு பேரேடுகளை நாடினர். போளூர்ப் பாதை அடைபட்டால் ஆலங்காயம் வழியாக மலையிறங்குவது போன்றதே இது.

ஆனால் ஒரு பேரேட்டின் நாணயம் மற்றொன்றிற்குள் நேரே நுழைய இயலாது. ஆகவே பாலங்கள் அமைக்கப்பட்டன. இங்கே நாணயத்தைப் பூட்டிவைத்து, அங்கே அதற்கு ஈடான சீட்டு வழங்கப்படும். ஓரூரில் பணம் கட்டி, வேற்றூரில் உண்டியலைக் காட்டிப் பெற்ற வணிகர் மரபினர்க்கு இது புதிதன்று. உண்டியலில் கையெழுத்திட்டவர் யாரென்பது அன்று ஊரறிந்த செய்தி என்பது ஒன்றே வேறுபாடு.

2022 பிப்ரவரியில் வார்ம்ஹோல் என்னும் பாலத்தில், கையொப்பச் சோதனையை ஏமாற்றிய ஒருவர், எத்திரியத்தில் எதையும் பூட்டாமலே சொலானாவில் 1,20,000 ஈதருக்கான சீட்டுகளைப் பெற்றுவிட்டார். அடுத்த மாதம் ரோனின் பாலத்தில், ஒன்பது சாவிகளுள் ஐந்து திருடர் கைக்குப் போயின. 60 கோடி டாலருக்கு மேல் மறைந்தது. இரு நிகழ்விலும் பேரேடுகள் பழுதுபடவில்லை. இடையிலிருந்த காவலே பழுதுபட்டது. பலர் கவனியாது விடும் நுட்பம் இதுவாகும்.

பேரேடுகள் வெவ்வேறு என்பது நீதிமன்றத்திலும் பொருட்படுத்தப்பட்டது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. அவை எத்திரியப் பேரேட்டைச் சார்ந்தவை. முதலீட்டாளர் ஒருவர் அங்கு வைத்திருந்ததோ, வேறொரு பேரேட்டைச் சேர்ந்த எக்ஸ்.ஆர்.பி. நாணயம். எனினும் அவர் கணக்கும் முடக்கப்பட்டது. இழப்பை அனைவரும் பங்கிட வேண்டும் எனப்பட்டது. பிறர் பெட்டி களவு போனதற்குத் தம் பெட்டியைத் திறப்பதா என்பதே அவர் வழக்கின் சாரம். 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், களவுபோனவை வேறு, இவருடையவை வேறு என ஏற்று, இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். கிரிப்டோ நாணயம் கையால் தொடத்தக்கதோ, செலாவணியோ அன்றெனினும் அது சொத்தே என்றும், பிறர் பொருட்டு அறக்கட்டளை முறையில் வைத்துக் காக்கத் தக்கது என்றும் அத்தீர்ப்பு உரைத்தது.

இதனைக் கேட்டு, அறநிலைய நிதியை அவ்வாறு முதலீடு செய்யலாகுமோ என்ற வினா எழுவது இயல்பு. ஆகாது. அறக்கட்டளைகளுக்கு வருமான வரிச் சட்டம் வகுத்துள்ள முதலீட்டு முறைகளுள் இது இடம்பெறவில்லை. வங்கி வைப்பிற்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, இதற்கு ஏதுமில்லை. தனியார் ஈடுபட்டாலும் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி உண்டு. ஒரு நாணயத்தில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் இயலாது. வாங்குவோர் கேட்கவேண்டிய வினா விலை பற்றியது மட்டுமன்று: கையிலிருப்பது கட்டையா, சீட்டா? சீட்டாயின், கிடங்கின் சாவி எத்தனை பேரிடம் உள்ளது?