தூண்டில் நூலும் கோலும்

தூண்டிலைப் பற்றிய பேச்சு தமிழருக்குப் புதியதன்று. சூதிலே கிடைக்கும் வெற்றி, இரையென்று எண்ணி மீன் விழுங்கிய தூண்டில் முள்ளைப் போன்றது என்று வள்ளுவர் உவமை கூறினார். முள்ளை மறைக்க இரை வேண்டும் என்பது அவர் காலத்திலேயே யாவரும் அறிந்த செய்தி. ஆனால் உண்பதற்கு எதுவுமே கொடாமல், இரையின் அசைவை மட்டும் காட்டி மீனை அழைக்கும் முறையும் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துப் பரவைக் கடலோரத்தில் அம்முறையைக் கையாள விரும்புவோர் நூலையும் கோலையும் எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள்.

பின்லாந்து நாட்டு மீனவரான லௌரி ரப்பாலா, பெருமீன்கள் கூட்டத்தில் தடுமாறி நீந்தும் சிறு மீனையே முதலிற் பாய்ந்து பிடிப்பதைக் கவனித்தார். 1936ஆம் ஆண்டில் அவர் தக்கையைச் செதுக்கி, மினுங்கும் தாளைச் சுற்றி ஒரு பொய்மீனைச் செய்தார். இன்று பிளாத்திக்கிலும் மரத்திலும் செய்யப்படும் பொய்மீன் வகைகள் பல. அவற்றுள் ஜேர்க்பெய்ற் எனப்படும் வகையைச் சுண்டு இரை என்று தமிழில் அழைக்கலாம். சும்மா இழுத்தால் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. கோலை இருமுறை வெடுக்கென்று சுண்டினால் இடமும் வலமும் துள்ளும். பிறகு கையை நிறுத்தினால், காயமுற்ற மீன்போல நீரின் நடுவே அசைவற்று நிற்கும். பெரும்பாலும் அந்த நிற்கும் கணத்திலேதான் மீன் பாய்கிறது.

ஆகவே, நூலுக்கு இங்கே இரண்டு கடமைகள் உள்ளன. சுண்டும்போது கையின் அசைவைக் குறையாமல் கொண்டு செல்லுதல் ஒன்று. நிற்கும்போது பொய்மீனை மேலேயோ கீழேயோ இழுக்காமல் அதன்போக்கில் விடுதல் மற்றொன்று. கடைக்குச் செல்வோர் பலர், "இந்த நூல் எத்தனை இறாத்தல் தாங்கும்?" என்று மட்டுமே கேட்கின்றனர். தடித்த நூலே நல்ல நூல் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. பலம் வேண்டியதுதான், ஆயினும் நீளும் தன்மை, நீரில் மிதக்கும் அல்லது அமிழும் தன்மை, உராய்வைத் தாங்கும் தன்மை ஆகிய மூன்றையும் சேர்த்தே எடை போடவேண்டும்.

நம் நாட்டிலே தங்கூசி என்று வழங்கும் ஒற்றையிழை நைலோன் நூல் மலிவானது, முடிச்சிடவும் எளிது. ஆனால் அது இழுத்தால் நீளும். அறும் நிலைக்கு அருகே ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் நீளக்கூடும். தூரத்தில் கிடக்கும் பொய்மீனைச் சுண்டும்போது, அசைவின் ஒரு பகுதியை நூலே விழுங்கிவிடுகிறது. வெயில் அதனை நலிவடையச் செய்வதால், பழைய தங்கூசியை நம்புதல் கூடாது. இரண்டாவது வகை, பல மெல்லிழைகளைப் பின்னிச் செய்த பொலித்தீன் இன நூல். அது மெல்லியதாயிருந்தும் பலமிக்கது, நீளுவது மிகக் குறைவு, நீரில் மிதப்பது. ஆனால் பாறையிலும் சிப்பியிலும் உரசினால் எளிதில் அறுந்துவிடும். மூன்றாவது, புளோரோகாபன் நூல். நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், பின்னல் நூல் ஏறத்தாழ 0.97, நைலோன் 1.14, புளோரோகாபன் 1.78. ஆதலால் அது விரைவாக அமிழும். நீரில் எளிதிற் புலப்படாது, உராய்வையும் தாங்கும்.

இனி நம் கடலை நோக்குவோம். யாழ்ப்பாணப் பரவைக் கடல் ஆழம் குறைந்தது. அடியிலே பல இடங்களிற் கடற்புல் படர்ந்திருக்கும். இங்கே அமிழும் நூல் புல்லிற் சிக்கும். மிதக்கும் பின்னல் நூலே பொருந்தும். அதன் நுனியில் மூன்று நான்கு அடி நீளத்துக்குப் புளோரோகாபன் அல்லது தடித்த தங்கூசித் துண்டொன்றைக் கட்டவேண்டும். கொடுவா மீனின் செவுள் மூடி கத்திபோற் கூரியது. வெறும் பின்னல் நூல் அதன்முன் நில்லாது. கொடுவாவை நாடுவோர்க்கு 20 முதல் 30 இறாத்தல் வரை தாங்கும் பின்னல் நூலும், 40 இறாத்தல் தாங்கும் நுனித் துண்டும் பெரும்பாலும் போதும். சீலாவின் பல்லுக்குச் சிறு கம்பித் துண்டு வேண்டும். ஆனால் கம்பி பாரமாயிருந்தால் பொய்மீன் தலைகுப்புறச் சாயும். வடமராட்சியின் வடகரைபோலக் கற்பாறை மிகுந்த இடங்களில் நுனித் துண்டை இன்னும் நீளமாக வைத்தல் நன்று.

நீரின் உப்பும் கணக்கில் வரும். கோடையிற் பரவைக் கடலின் உப்புச் செறிகிறது. கார்த்திகை, மார்கழி மாரியில் நன்னீர் கலந்து அது குறைகிறது. மாரியில் நடுநீரில் நின்ற அதே பொய்மீன் கோடையில் மெல்ல மேலெழும். அப்போது நுனித் துண்டு சற்றுத் தடித்த புளோரோகாபனாயின், அதன் பாரமே பொய்மீனைத் தாழ்த்தி நிறுத்த உதவும். கரையோர நீரிலே ஒருமுறை விட்டுப் பார்த்து, அது நிற்கிறதா, எழுகிறதா என்று அறிந்த பின்னரே வீசுதல் முறை.

கோலைப் பொறுத்தவரை, நுனியைத் தாழ்த்தி நீரை நோக்கிச் சுண்டுவதால் மிக நீண்ட கோல் இடையூறாகும். ஆறரை முதல் ஏழு அடி வரை பொருத்தமான அளவு. நுனி வளைந்து கொடுக்க, அடி உறுதியாய் நிற்கவேண்டும். முழுவதும் விறைத்த கோலை நீளாத பின்னல் நூலோடு சேர்த்தால், பாய்ந்த மீனின் வாய் கிழிந்து முள் கழன்றுவிடும். றீலின் பிடியைச் சிறிது தளர்த்தி வைப்பதும் இதற்காகவே. கோலின்மேல் எழுதியுள்ள பார அளவுக்குள் பொய்மீனின் பாரம் அடங்குகிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளவேண்டும். பண்ணைத் தெருவோரத்தில் நின்று வீசுவோர் முதலில் பின்னால் வருவோரைப் பார்த்துக்கொள்வது முறை.

இவ்வளவு ஆராய்வது மீனுக்காக மட்டுமன்று. சுண்டு இரையிலே இரண்டு அல்லது மூன்று மும்முட்கள் தொங்குகின்றன. குருநகர், நாவாந்துறை முதலிய கரைகளின் மக்களுக்கு இந்தப் பரவைக் கடல் சோறிடும் வயல். முழங்காலளவு நீரில் நடந்து இறாலும் நண்டும் பிடிப்போர் அங்கே உண்டு. பொழுதுபோக்குக்காக வந்தவர் அறுந்த நூலோடு விட்டுச்சென்ற பொய்மீன், மறுநாள் ஓர் ஏழைத் தொழிலாளியின் பாதத்திற் பாயலாம். காயம் ஆறும்வரை அவ்வீட்டு அடுப்பு எரிவது எவ்வாறு?

தங்கூசி வலைகள் இலங்கையில் 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் தடைசெய்யப்பட்டன. தூண்டில் நூல் வலையன்று. எனினும் நீரிற் புலப்படாமையும் மக்காமையும் அதற்கும் உரிய குணங்களே. அறுந்து கிடக்கும் நூல் பறவையின் காலையும் நண்டின் கொடுக்கையும் நெடுங்காலம் பிணித்துக்கொண்டே இருக்கும். ஆதலால், சிக்கிய நூலை இயன்றவரை மீட்டெடுத்தலும், வெட்டிய துண்டுகளைப் பையிலிட்டு வீட்டுக்குக் கொண்டுசெல்லுதலும் தூண்டிற்காரரின் கடமை. ஒவ்வொரு முறையும் வீசுவதற்கு முன்னர் நுனித் துண்டை விரல்களுக்கிடையே ஒருமுறை உருவிப் பார்க்கட்டும். சொரசொரப்புத் தட்டுமாயின் அவ்விடத்தை வெட்டிவிட்டுப் புதிதாக முடியட்டும். அரை நிமிட வேலை அது. நல்ல மீனொன்றையும், முன்பின் அறியாத ஒருவரின் பாதத்தையும் அது காக்கக்கூடும்.