கண் நோய்க்கு எவரை நாடுவது?

(நமது சங்க மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கண்ணில் ஒரு குறை தோன்றியவுடன் நம் சமூகத்தார் முதலிற் செல்லுமிடம் மூக்குக்கண்ணாடிக் கடையே. எம் தமையனாரும் அங்ஙனமே சென்றார். இரண்டாண்டுகளில் மூன்று முறை கண்ணாடி மாற்றினார். பக்கப் பார்வையோ குறைந்துகொண்டே வந்தது. இறுதியிற் கண் மருத்துவர் ஒருவர் விழியின் அழுத்தத்தை அளந்து, பார்வை நரம்பையும் சோதித்து, இது கிளாக்கோமா என்றார். இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தாற் காத்து வருகின்றோம். கடைக்காரர்மீது யாம் குற்றஞ் சுமத்தவில்லை. அவரிடம் கேட்கத் தகாததை நாம் கேட்டோம்.

கண்ணாடிக்கு அளவு பார்ப்பவர் வேறு. மருத்துவப் பட்டம் பெற்று, அதன்மேற் கண் மருத்துவத்தில் எம்.எஸ்., டி.ஓ. முதலிய தகுதி பெற்றவர் வேறு. பின்னவருள்ளும் பிரிவுகள் உண்டு. கண்புரைக்குப் பெரும்பாலும் பொதுக் கண் மருத்துவரே போதும். நீரிழிவுடையார் பார்வை நன்றாயிருப்பினும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதிப்பித்தல் வேண்டும். அங்கே கேடு காணின் விழித்திரை வல்லுநரிடம் செல்லுதல் வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டமென்று சொல்லிக் குழந்தையை வீட்டில் வைத்திருப்போர் நம்முள் இன்னும் உளர். அதிர்ஷ்டம் யாருக்கோ அறியோம். அக்குழந்தையின் ஒரு கண் மங்கிப்போதல் உண்டு. குழந்தைக் கண் மருத்துவரிடம் உடனே காட்டுக.

திடீரென மின்னல் போன்ற ஒளியும், கரும்புள்ளிகளும், திரை விழுந்தாற் போன்ற நிழலுந் தோன்றின், அன்றே செல்லுதல் வேண்டும், விழித்திரை பிரிந்திருக்கலாம். சுண்ணாம்பு தெறித்தால் மருத்துவரைத் தேடுமுன் தூய நீரால் நெடுநேரம் கழுவுக. தாய்ப்பால் விடுதல் ஆகாது.

பொருளில்லையே என்று தயங்குவாரும் உளர். சென்னை எழும்பூரில் அரசினர் கண் மருத்துவமனை 1819-இல் தோன்றியது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சையும் உண்டு.

கிளாக்கோமா உடன்பிறந்தாரையும் மக்களையும் தொடர்வதுண்டு என்று அம்மருத்துவர் கூறினமையால் யாமும் சோதித்துக்கொண்டோம். எம் இடக்கண்ணிலும் அழுத்தம் மிகுந்திருந்தது. பார்வை இன்னுங் குறையவில்லை. இரவுதோறும் ஒரு சொட்டு விட்டு வருகின்றோம்.